லூஸ் காண்டாக்ட் என்றொரு சொல்

ஓய்வு பெற்றபின் கரண்ட் ஆபீஸ் பக்கம் போகக்கூடாது என்பது என் மனைவியின் கட்டளை. "போனா சும்மா வர மாட்டீங்க, எதையாவது குறை சொல்லிட்டுத்தான் வருவீங்க" என்பாள். இருந்தாலும் போன மாதம் போக வேண்டியதாகிவிட்டது. எங்கள் தெருக் கம்பத்தில் வேப்பங்கிளை ஒன்று உரசிக்கொண்டிருந்தது.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் விளக்கு வந்து வந்து போகிறதாம். ஆள் வந்து பார்க்கும்போது நன்றாக எரிகிறதாம், ஆள் போனதும் மறுபடி மினுக்குகிறதாம். பையன்கள் பொறுமையாகத்தான் கேட்டார்கள். அவர் வாசலைத் தாண்டியதும் ஒருவன் சொன்னான்: "லைன்ல ஒண்ணும் இல்லண்ணா. ஆளுதான் லூஸ் காண்டாக்ட்."

அறை முழுக்கச் சிரிப்பு. புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர், சின்னப் பெண், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க ஏங்க சிரிக்கல?" என்று கேட்டார்.

"அவரு எந்த நேரத்துல மினுக்குதுன்னு சொல்றாரோ அந்த நேரத்துக்கு ஒருக்கா ஆளை அனுப்பிப் பாருங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் சிரிக்கவில்லை என்பதை நின்ற நிலையில் சொல்லிவிட முடியாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் தொழிலின் சொற்கள் எப்போதோ ஊருக்குள் இறங்கிவிட்டன. வேலையிலிருந்து ஓய்ந்தவன் ஃப்யூஸ் போன பல்பு. முன்கோபக்காரன் ஹை வோல்டேஜ். இவை எல்லாம் போகட்டும். லூஸ் காண்டாக்ட் மட்டும் அப்படி இல்லை. எங்களுக்கு அது ஒரு பழுதின் பெயர். இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் முறுக்குத் தளர்ந்து, தொட்டும் தொடாமலும் இருக்கும். தொடும்போது எல்லாம் சரியாக இருக்கும், விலகும்போது எல்லாம் கெட்டுப்போகும். ஃப்யூஸ் போனால் கண்ணுக்குத் தெரியும். ஷார்ட் ஆனால் வெடிச் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். லூஸ் காண்டாக்ட் நாம் தேடிப்போகும் நேரத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும். அதனால்தான் புகார் சொல்பவர் பொய்யர் போலவோ புத்தி பிசகியவர் போலவோ தெரிவார். அந்தப் பழுதின் பெயரைப் பிடித்து மனிதருக்கு வைத்தது யார் என்று தெரியவில்லை. வைத்தவர் கம்பத்தில் ஏறியவராக இருக்க முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்தது பென்னாகரத்தில், ஹெல்பராக. ஏணி தூக்கினேன், குழி வெட்டினேன், ஒகேனக்கல் சாலையில் காட்டோரமாகக் கம்பி இழுத்தேன். வயர்மேன் ஆகிக் கடத்தூருக்கு மாற்றலாகி வந்தபோதுதான் போர்மேன் ஆரோக்கியசாமியிடம் சேர்ந்தேன். நான் வேலை என்று தெரிந்துகொண்டதெல்லாம் அவரிடம்தான்.

குட்டையான மனிதர். பேச்சு குறைவு. காக்கிச் சட்டையின் மேல் பட்டன்வரை போட்டிருப்பார். புகாருக்குப் போனால் மற்றவர்கள் "என்னங்க பிரச்சினை?" என்று ஆரம்பிப்பார்கள். அவர் "எப்பங்க?" என்று ஆரம்பிப்பார். எப்போது வருகிறது, எப்போது போகிறது, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடுகிறது. இதையெல்லாம் கேட்ட பிறகுதான் டெஸ்டரைப் பையிலிருந்து எடுப்பார். வேலை முடிந்ததும் "சரியாயிருச்சு" என்று சொல்ல மாட்டார். "இப்போதைக்கு சரியா இருக்குதுங்க" என்பார்.

ஒருமுறை ஒரு அரிசி ஆலையில் இயந்திரம் திடீர் திடீரென நின்றுகொண்டிருந்தது. பலர் பார்த்துக் கைவிட்ட பழுது. ஆரோக்கியசாமி சார் ஆலைக்காரரிடம் "எப்பங்க?" என்று கேட்டார். ஈர நெல் போடும்போது என்று பதில் வந்தது. "அப்ப ஈர நெல்லையே போடுங்க" என்றார். இயந்திரம் திணறி ஓட ஆரம்பித்ததும், ஒரு காய்ந்த மூங்கில் குச்சியின் நுனியில் மெழுகுவர்த்தித் துண்டைக் கட்டி, போர்டில் இருந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மெழுகு உருகி வழிந்தது. தளர்ந்த இணைப்பு சூடாகும், அவ்வளவுதான் சூட்சுமம். "இதான்" என்றார். எதிரில் இருப்பவர் சொல்வதை முழுதாக நம்பி, அந்த நிலைமையை மறுபடி உண்டாக்கிப் பார்ப்பது அவர் வழி. அந்த வழியை அவர் ஒரே ஒரு வீட்டில் விட்டுவிட்டார்.

கடத்தூருக்கு மேற்கே ஒரு ஊர். ரங்கன் என்ற விவசாயி ஒரு பங்குனி மாதக் காலையில் ஆபீசுக்கு வந்தார். "தண்ணிக் குழாய்ல கரண்டு புடிக்குதுன்னு மருமவ சொல்றாளுங்க. எங்க யாருக்கும் ஒண்ணும் புடிக்கல. வந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார். அவர் கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே நானும் போர்மேனும் போனோம். மரவள்ளிக் காட்டை ஒட்டிய ஓட்டு வீடு. வாசல் ஓரத்தில் மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் சின்ன மோட்டார், அதிலிருந்து இரும்புக் குழாய். நான் ஏணி போட்டுக் கம்பத்தில் ஏறினேன். கீழே ரங்கனின் மனைவி போர்மேனிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "வயித்துல இருந்தது ஆறு மாசத்துல கலைஞ்சு போச்சுங்க. அப்பலேர்ந்தே இந்தப் புள்ள ஒரு மாதிரிதான். ராத்திரில தூக்கமில்ல. எம்மவன் போர்வெல் வண்டியில வடக்கே போயிட்டான், வந்துட்டுப் போயி ஆறு மாசமாச்சு. இப்ப என்னடான்னா குழாய் புடிச்சு இழுக்குதுங்கறா."

போர்மேன் மோட்டாரைப் போடச் சொன்னார். நன்றாக ஓடியது. குழாயில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. கையாலும் தொட்டுப் பார்த்தார். மேலே நானும் இழுத்துப் பார்த்தேன். இணைப்பின் மேல் பழைய டேப் சுற்றியிருந்தது, இறுக்கமாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் அடுப்படிக் கதவோரம் நின்றிருந்தாள். பூங்கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். "இப்ப வராதுங்க" என்றாள். "உச்சி வேளைக்குத்தான் வருது. இவங்கெல்லாம் காட்டுக்குப் போயிடுவாங்க. நான் மாட்டுக்குத் தண்ணி விட மோட்டாரப் போடுவேன். மோட்டார் ஓடாம முனகும். போயிக் குழாயத் தொட்டா புடிச்சு உதறும்."

போர்மேன் சிரித்தார். "கரண்டுக்கு உச்சி வேளை, அந்தி வேளையெல்லாம் தெரியுமா கண்ணு?"

மாமியாரும் சிரித்தாள். அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது மாமியார் கேட்டாள்: "அப்ப லைன்ல ஒண்ணும் இல்லீங்களா?"

"லைன்ல லூஸ் காண்டாக்ட் எதுவும் இல்லீங்கம்மா." போர்மேன் பையை மாட்டிக்கொண்டே அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினார். "வூட்டுக்குள்ளதான் எங்கயோ இருக்கும்போல."

அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு இன்னும் நாலைந்து ஊர் போக வேண்டியிருந்தது. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஊருக்குள் வண்டி திரும்புவதற்குள் அவர் அதை மறந்தும் போயிருப்பார்.

அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை.

வைகாசி பிறந்திருந்தது. அதே ஊரில் வேறொரு புகாருக்காக நான் தனியாகப் போனேன். ஊர்ப் பொதுக் குழாயில் பூங்கொடி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் அவளிடமிருந்து தள்ளி நின்றார்கள். ஒரு பொடியன் "லூஸ் காண்டாக்ட், லூஸ் காண்டாக்ட்" என்று கத்திக்கொண்டே ஓடினான். அவளுடைய இரண்டு கைகளிலும் முழங்கைக்குக் கீழே கோடு கோடாகக் காயம் ஆறிக்கொண்டிருந்தது.

என்னை அடையாளம் கண்டு, குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"அண்ணா, அன்னைக்கு நீங்கதானுங்களே கம்பத்து மேல இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"ஒரே ஒருக்கா உச்சி வேளைக்கு வாங்கண்ணா. நான் மோட்டாரப் போட்டுக் காட்டறேன். சோறு ஆக்கிப் போடறேன், இருந்து பாத்துட்டுப் போங்க."

கையில் என்ன காயம் என்று கேட்டேன். "சாமியாடிகிட்ட கூட்டிட்டுப் போனாங்க" என்றாள். கரண்ட் பிடிப்பதற்கும் பேய் பிடிப்பதற்கும் நம் பேச்சில் ஒரே சொல்தான். உச்சி வேளையில், தண்ணீர்க் கரையில், பிள்ளை கலைந்தவளை ஏதோ பிடித்து உதறுகிறது என்றால் ஊர் வேறு எப்படிப் புரிந்துகொள்ளும்? கரண்ட் ஆபீசரே வந்து பார்த்து, கம்பியில் ஒன்றுமில்லை, ஆளிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மிச்சம் இருந்த வழி சாமியாடிதான்.

ஆபீசுக்கு வந்ததும் போர்மேனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "கைல காயமா? எதனால?" என்று இரண்டு முறை கேட்டார். மறுநாளே போகலாம் என்றார். ஆனால் அன்றிரவுப் பெருங்காற்றில் வேறு ஊர்களில் கம்பங்கள் சாய்ந்து, அந்த வேலை எங்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டுபோய்விட்டது. நாங்கள் அந்த ஊருக்குப் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

உச்சி வேளை, கத்திரி வெயில். தார் ரோடு இளகியிருந்தது. வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் சொன்னார்: "மருமவளக் கூட்டிட்டுப் போயி அம்மா வூட்ல வுட்டுட்டாங்க. முந்தாநேத்து."

போர்மேன் நேராக மோட்டார் இருந்த இடத்துக்குப் போனார். ஸ்விட்ச் வெளியே மரப்பெட்டியில்தான் இருந்தது. போட்டார். மோட்டார் ஓடவில்லை, முனகியது. அவள் சொன்ன அதே சொல். குழாயில் டெஸ்டரை வைத்தார். சிவப்பாக எரிந்தது.

பிறகு அவர் செய்ததை நான் தடுத்திருக்க வேண்டும், அதற்குள் செய்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, தொட்டியோரச் சேற்றில் நின்று, புறங்கையால் குழாயைத் தொட்டார். உடம்பு உதறிப் பின்னால் வந்து விழுந்தார். நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன்.

கம்பத்தில் ஏறி டேப்பைப் பிரித்தேன். உள்ளே, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியின் இணைப்பு கருகி, சாம்பலாக உதிர்ந்தது. வெயில் ஏறினால் கம்பி நீண்டு தொங்கும். தொங்கினால் அந்த இணைப்பு விலகும். காலையும் மாலையும் கம்பி சுருங்கி இறுகினால் மறுபடி தொட்டுக்கொள்ளும். வீட்டுக்கு ஒயரிங் செய்த யாரோ, மோட்டாரின் உடம்பில் கட்டும் எர்த் கம்பியை அந்த மரப்பெட்டிக்குள் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கி வைத்திருந்தார். அதனால் மோட்டாருக்குள் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல் மோட்டாரின் உடம்பிலும் குழாயிலும் ஏறியது. குழாய் மண்ணுக்குள் ஓடியதால் ஒரு பங்கை மண் வாங்கிக்கொண்டது. அந்தப் பெண் உயிரோடு இருந்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

இணைப்பைப் புதிதாகப் போட்டு இறங்கி, மரப்பெட்டியில் எர்த்தைப் பிரித்துச் சரிசெய்தேன். போர்மேன் நிழலுக்கு வராமல் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"மாது, நான் எங்க போனாலும் மொதல்ல என்ன கேப்பேன்?"

"எப்பன்னு கேப்பீங்க சார்."

"அந்தப் புள்ள நான் கேக்காமயே சொல்லுச்சு" என்றார்.

கருகிய கம்பித் துண்டைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்கே போனோம். ரங்கனும் மனைவியும் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். போர்மேன் கைகட்டி நின்று சொன்னார். "தப்பு கம்பியிலதானுங்க. உங்க மருமவ சொன்னது அத்தனையும் நெசம். நான்தான் சரியாப் பாக்கல. நான் அன்னைக்குச் சொன்ன வார்த்தைய மன்னிச்சு மறந்துடுங்க. போயிப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க."

ரங்கன் துண்டை வாங்கிப் பார்த்தார். மனைவி பார்க்கவில்லை. "கம்பியில இருந்துச்சுங்கறீங்க, சரிங்க, ஒத்துக்கறேன்" என்றாள். "சாமியாடி கேட்டப்ப பேரைச் சொன்னாளே, ஒரு ஆம்பளைப் பேரை. அது எந்தக் கம்பியிலருந்து வந்துச்சு?"

போர்மேன் ரங்கனிடமிருந்து கம்பித் துண்டை வாங்கி மறுபடி தாளில் சுற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச் பூசைக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு பென்னாகரம் பஸ் ஏறினார். பூங்கொடியின் அம்மா வீடு பென்னாகரத்தைத் தாண்டி ஆடு மேய்ப்பவர்கள் வாழும் ஒரு சின்ன ஊரில் இருந்தது. பூங்கொடி கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். போர்மேன் உட்காரவில்லை. தாளைப் பிரித்துக் கம்பித் துண்டைக் காட்டினார்.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள். "இது எனக்கெதுக்குங்க? அவங்ககிட்ட காட்டுங்க" என்றாள்.

"காட்டிட்டேன் கண்ணு."

"என்ன சொன்னாங்க?"

போர்மேன் தரையைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அம்மாதான் பேசினாள். "அடி தாங்க முடியாம ஏதோ ஒரு பேரச் சொல்லிட்டாளுங்க. அதப் புடிச்சுக்கிட்டு வுட மாட்டேங்கறாங்க."

"ஏதோ ஒரு பேரு இல்லம்மா" என்றாள் பூங்கொடி. குரல் ஏறவில்லை. "நீ யாரு, பேரச் சொல்லு, பேரச் சொல்லுன்னு வேப்பங்குச்சியால அடிச்சாங்க. பேரச் சொன்னாத்தான் வுடுவாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு வேற பேரு வாயில வரலீங்க. பையனாப் பொறந்தா வெக்கலாம்னு மனசுல வெச்சிருந்த பேரு. அவருகிட்டகூட சொன்னதில்ல."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போர்மேன் கம்பித் துண்டைத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் செய்யுங்க சார்" என்றாள் அவள். "எங்க வூட்டுக்காரருக்கு போன்ல சொன்னப்ப, கரண்ட் ஆபீசரே லூஸ் காண்டாக்ட்னு சொல்லிட்டாருன்னுதான் சொல்லியிருக்காங்க. அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அவர் சொன்னார். போர்வெல் வண்டி முதலாளியைத் தேடிப்பிடித்து, வண்டி நிற்கும் ஊருக்குப் போன் போட்டு, கணவன் முனிராஜ் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பப் போட்டுச் சொன்னார். மழைக்கு வேலை நின்றதும் முனிராஜ் ஊருக்கு வந்தான். போர்மேனையும் என்னையும் கூட்டிக்கொண்டுதான் பூங்கொடியின் அம்மா வீட்டுக்குப் போனான். நல்ல பையன். பஸ்ஸில் எங்களுக்கும் சேர்த்து அவனே டிக்கெட் எடுத்தான். பழம், பூ, புதுச் சேலை எல்லாம் வாங்கி வைத்திருந்தான். சரியாகிவிடும் என்றே நான் நினைத்தேன்.

"இவரு எல்லாத்தையும் வெவரமாச் சொன்னாரு" என்றான் அவளிடம். "இப்ப எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. பொறப்படு, போலாம்."

அவள் சேலைப் பையைத் தொடவில்லை. "நான் போன்ல அழுதழுது சொன்னேன். அப்ப என்ன சொன்னீங்க?"

அவன் சேலைப் பையைத் திண்ணையில் வைத்தான்.

"அம்மா சொல்றபடி கேளுன்னு சொன்னீங்க. இன்னைக்கு இவரு ஒரு கம்பித் துண்டக் காட்டினதும் நம்பிக்கை வந்துருச்சு. நாளைக்கு அங்க வேற ஒண்ணு சொல்லுவாங்க. அப்ப எனக்காக யாரு கம்பி எடுத்துட்டு வருவா?"

மாலைவரை கெஞ்சினான். அவள் அசையவில்லை. நாங்கள் மூவருமாகத் திரும்பினோம். போர்மேன் ஜன்னலோரம் உட்கார்ந்து, பென்னாகரம் வரும்வரை காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது நீளமில்லை. முனிராஜுக்கு வேறு கல்யாணம் ஆயிற்று. பூங்கொடி ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள், பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த ஊரில் ரங்கன் வீட்டுக்கு லூஸ் காண்டாக்ட் வீடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், அங்கே ஒரு மருமகள் இருந்தாள் என்றுதான் சொல்வார்கள். கம்பி கருகியிருந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். பழுது நீங்கிப் பல வருடம் ஆகியும் சொல் அப்படியே கிடக்கிறது.

போர்மேன் ஓய்வு பெறும்வரை அந்தச் சொல்லை வாயால் சொல்லவில்லை. இணைப்பு தளர்ந்திருந்தால் "முறுக்கு விட்டுப்போச்சு" என்பார். ஓய்வு பெற்ற சில வருடங்களில் காலமானார்.

பூங்கொடியை நான் மறுபடி பார்த்தது நானும் ஓய்வு பெற்ற பிறகு, பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில். தலை நரைத்திருந்தது. அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். பேரப்பிள்ளைகளை விசாரித்தாள். போர்மேனைக் கேட்டாள். சொன்னேன்.

"கடைசியில வந்து, தப்பு தன்மேலதான்னு சொன்னவரு அவரு ஒருத்தருதாண்ணா" என்றாள். "வேற யாரும் சொல்லல."

அவள் போக வேண்டிய பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தவள் திரும்பினாள்.

"அண்ணா, அந்தக் கம்பிய மாத்த உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுங்க?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "கால் மணி நேரம் ஆகியிருக்கும்மா" என்றேன்.

"அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டுவிட்டு, அவள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.